கோட்டுக்கு அப்பால் கேட்ட தட்டொலி

வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஸெல்விக் துறைமுகத்தில் மர உடல் கொண்ட படகு என இன்று எஞ்சியிருப்பது ஹப்லிதியின் ‘ராக்னா’ ஒன்றே. ஏனையவை இரும்பாகவோ ஃபைபராகவோ மாறிவிட்டன. மரப்படகை வைத்துக் காப்பது எளிதன்று. குளிர்காலம் முடிந்ததும் கரையேற்றிச் சுரண்ட வேண்டும். பலகை இடுக்குகளில் தார் தோய்த்த நாரைத் திணித்து அடைக்க வேண்டும். பின்பு சாயம் பூச வேண்டும். இவ்வளவையும் ஹப்லிதி தம் கையாலேயே செய்வார். உதவிக்கு அவர் அழைக்கும் ஆள் ஒருவன்தான் இருந்தான். அவன் அவருடைய மனைவி ஸ்வாவாவின் தம்பி பெர்கூர்.

நான் துறைமுகத்தில் மீன் எடைபோடும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் என்னை எடைக்காரர் என்பர். ஓய்வுக்குப் பின், ஆள் குறைகிற நாள்களில் ராக்னாவில் ஏறிக் கயிறு பிடிப்பதும், பாய்மரத்தின் பாதி உயரத்தில் கட்டப்பட்ட பீப்பாய்க்குள் நின்று கடலைப் பார்ப்பதும் என் வழக்கம். நான் இங்கே சொல்வது அந்தப் பீப்பாயிலிருந்து கண்டதும், பிறகு ஹப்லிதியின் வீட்டு மேசையருகே அமர்ந்து கேட்டதுமேயாகும்.

ஹப்லிதி காட் மீன் பிடித்து வளர்ந்தவர். பேச்சு குறைவு. ஆனால் படகோடு பேசுவார். சுக்கானைப் பிடித்தபடி, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று முணுமுணுப்பது கேட்கும். மீன்பிடி உரிமைகள் பெரிய ஊர்களுக்கு விலைபோய், எங்கள் கரையில் படகுகள் ஒவ்வொன்றாக மறைந்த காலத்தில், அவர் மட்டும் ராக்னாவை விற்க மறுத்தார். வலையிழுக்கும் பொறியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இருபுறமும் விசிப்பலகைகள் அடித்தார். திமிங்கிலம் பார்க்க வரும் வெளியூராரை ஏற்றிச் செல்லப்போவதாக அறிவித்தார். துறைமுகத்துக் காப்பிக் கொட்டகையில் அன்று எழுந்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது.

“புடிக்காம வெறுமனே பாத்துட்டு வர்றதுக்கா இவ்ளோ டீசல்?” என்றார் ஒருவர்.

“பாத்தா ஒண்ணும் குறையாதுல்ல. நாளைக்கும் இருக்கும்,” என்றார் ஹப்லிதி. அவர் அக்கொட்டகையில் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

பெர்கூர் அவருக்கு நேர்மாறானவன். வாய் ஓயாதவன். ஆரஞ்சு நிற முழு அங்கிக்குள் நுழையத் திணறும் பயணிகளுக்கு ஜிப்பை இழுத்துவிடுவான், கோகோ ஊற்றுவான், பட்டை மணக்கும் சுருள் ரொட்டியை நீட்டுவான், எவருக்கேனும் குமட்டினால் காற்றடிக்காத பக்கமாக அழைத்துச் சென்று நிறுத்துவான். படகின் பெயர் அவனுடைய தாயின் பெயர். ஆகவே ஹப்லிதி கடிந்துகொள்ளும்போதெல்லாம், “எங்கம்மா மேல நின்னுக்கிட்டு என்னையே திட்டறியா, மச்சான்?” என்பான். ஹப்லிதி சிரித்துவிடுவார். அவரைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவர்கள் ஊரில் மிகச் சிலர்.

பெர்கூருடைய தந்தை எய்விந்துர், எங்கள் விரிகுடாவில் மிங்கி எனும் சிறுவகைத் திமிங்கிலங்களைச் சுட்டு வேட்டையாடியவர். அவர் குறி தவறியதில்லை என்பர். பின்பு வேட்டை தடை செய்யப்பட்டது, அவருடைய ஈட்டித் துப்பாக்கி எண்ணெய்த் துணி சுற்றி வீட்டுப் பின்கொட்டகையில் கிடந்தது, அவரும் காலமானார். அந்தத் துப்பாக்கியை ஆண்டுக்கொரு முறை பெர்கூர் துடைத்து வைப்பான் என்பதை ஸ்வாவா ஒருமுறை போகிற போக்கில் சொன்னாள். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. தகப்பன் பொருளை மகன் துடைக்கிறான், அவ்வளவுதான்.

இனி அந்தத் தட்டொலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழில் தொடங்கிய புதிதில் ஒருநாள் ஹப்லிதி எஞ்சினை நிறுத்திவிட்டு, தளர்ந்துபோன ஓர் ஆப்பைச் சுத்தியலால் அடித்து இறுக்கிக்கொண்டிருந்தார். அடி படகின் பலகை வழியே நீருக்குள் இறங்கியது. சற்று நேரத்தில் படகின் அடியிலிருந்து ஒரு மிங்கி மெல்ல எழுந்து, பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது. மிங்கிகள் சில இயல்பிலேயே எதையும் எட்டிப்பார்க்கும் குணமுடையவை. ஆனால் இது மறுநாளும் வந்தது. அவர் கரையொதுங்கிய மிதவை மரத்தில் ஒரு தடி செதுக்கினார். மூன்று தட்டு, ஒரு மூச்சு இடைவெளி, மீண்டும் இரண்டு தட்டு. நாளடைவில் வேறெந்த ஓசைக்கும் வராத அந்தத் திமிங்கிலம் இதற்கு வந்தது. ஒவ்வொரு கோடையிலும் வந்தது.

அதன் முதுகுத்துடுப்பின் நுனி வெட்டுண்டிருக்கும். பெயர் வைத்தவன் பெர்கூர்.

“நீ தட்டுனா மட்டும் வர்றா. ஒண்ணும் திங்காம, ஒண்ணும் பேசாம, ஒருதரம் முறைச்சுப் பாத்துட்டுப் போறா. இவ எங்க வீட்டுப் பொண்ணேதான். எனக்குத் தங்கச்சி, உனக்குக் கொழுந்தி, மச்சான்.”

அன்றிலிருந்து அது கொழுந்தி. பயணிகளிடமும் அப்படியே சொன்னான். “கேப்டன் இப்பக் கதவத் தட்டுவாரு. கொழுந்தி வீட்ல இருந்தா வரும். இல்லன்னா உங்க நேரம் சரியில்ல, கோகோவக் குடிச்சிட்டு பஃபின் பறவையப் பாருங்க.” சில கோடைகளுக்குப் பின் ஹப்லிதி அவனிடமே தடியைக் கொடுக்கலானார். அவன் தட்டினாலும் அது வந்தது. முதன்முறை வந்தபோது அவன் வாயடைத்து நின்றதை நான் பீப்பாயிலிருந்து பார்த்தேன். கீழே குனிந்து, நீரைத் தொட்டுவிடுமளவு கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

வேட்டைக்கு மீண்டும் அனுமதி வந்தது. அதோடு ஒரு கோடும் வந்தது. எங்கள் முனையிலிருந்து லாம்பெய் தீவின் வடகோடி வரை வரைபடத்தில் இழுத்த கோடு அது. அதற்கு உட்புறம் சுடக்கூடாது, வெளிப்புறம் சுடலாம். கடலில் அந்தக் கோட்டைப் பார்க்க முடியாது. ஆனால் படகோட்டிகள் எல்லாருக்கும் அது எங்கே ஓடுகிறதென்பது தெரியும்: தீவின் விளக்கு மாடமும், பின்னாலுள்ள மலையின் பனிப்பிளவும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இடம். ஹப்லிதி அதைத் தாண்டுவதில்லை. கொழுந்தியும் பெரும்பாலும் தீவின் நிழலிலேயே, கோட்டுக்கு இப்பால் திரியும்.

அந்த ஜூலையில் நெடுநாள் மழைக்குப் பின் வெயில் அடித்தது. எங்கள் பகுதியில் குளிர்காலத் தீவனத்துக்கு அறுத்த புல் காய்கிற வெயில் வந்துவிட்டால், பள்ளிக்கூடமானாலும் தபால் நிலையமானாலும், ‘புல்லுக்குப் போகிறேன்’ என்பவனை எவரும் தடுப்பதில்லை. யாருடைய புல், எந்த வயல் என்று கேட்பதுமில்லை. அப்படிக் கேட்பது ஒருவன் வீட்டுச் சட்டிக்குள் எட்டிப்பார்ப்பதற்கு ஒப்பானது. பெர்கூர் வந்து சொன்னான்:

“நாளைக்குப் புல்லுக்குப் போறேன், மச்சான். ஆர்னோர் தனியாக் கெடந்து அல்லாடுறான்.”

“போயிட்டு வா,” என்றார் ஹப்லிதி. ஆர்னோர், பெர்கூருக்கும் ஸ்வாவாவுக்கும் ஒன்றுவிட்ட சகோதரர். விரிகுடாவின் வாயருகே பண்ணை வைத்திருப்பவர்.

“நாளைக்கு மேக்கால தான போற? கூன்முதுகுத் திமிங்கிலக் கூட்டம் அங்கதான் நிக்குதுன்னாங்க.”

“மேக்காலதான்.”

பெர்கூர் தலையசைத்துவிட்டுப் போனான். அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்பது எங்களுக்கு மறுநாள் நண்பகல்வரை தெரியவில்லை.

மறுநாள் காலை பெர்கூருக்குப் பதிலாக ஸ்வாவாவே கோகோப் பாத்திரத்தோடு படகேறினாள். நான் வழக்கம்போல் பீப்பாயில் ஏறினேன்.

“எடைக்காரரே, மேல போயித் தூங்கிடாதீங்க,” என்றாள் ஸ்வாவா.

“தூங்குனா விழுந்துடுவேன். விழுந்தா உன் கோகோ பானையிலதான் விழுவேன்.”

“அப்ப சரி. சக்கரை பத்தலன்னு இருந்தேன்.”

கடல் எண்ணெய் தடவியதுபோல் கிடந்தது. ஆர்னோரின் பண்ணையைக் கடக்கையில் நான் அனிச்சையாகத் தொலைநோக்கியைத் திருப்பினேன். வயல் முழுவதும் அறுக்கப்பட்டிருந்தது. காய்ந்த புல் உருளைகளாகச் சுற்றப்பட்டு, வெள்ளை பிளாஸ்டிக் உறையிட்டு, வேலியோரம் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தது. வயலில் டிராக்டர் இல்லை, ஆளும் இல்லை. கீழே ஹப்லிதியும் அதே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆர்னோர் சீக்கிரமே முடிச்சிட்டானே,” என்றார்.

“நேத்தே முடிஞ்ச மாதிரி இருக்கு,” என்றேன்.

அவர் சுக்கானின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்வாவா அந்தப் பக்கம் பார்க்காமலே ஒரு டச்சுக்காரியின் அங்கிக் கழுத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இன்று நினைக்கும்போது, அவள் வேண்டுமென்றே பார்க்காமலிருந்தாள் என்றே தோன்றுகிறது.

மேற்கே செல்ல முடியவில்லை. அந்தக் கரை முழுவதையும் மூடுபனி அடைத்திருந்தது. பனிக்குள் பயணிகளைக் கொண்டுபோய் எதைக் காட்டுவது? ஹப்லிதி சற்று நேரம் யோசித்துவிட்டுச் சுக்கானைத் திருப்பினார்.

“கொழுந்தியப் போயிப் பாப்போம்,” என்றார்.

லாம்பெய் தீவின் நிழலில், கோட்டுக்கு நன்றாக இப்பால், எஞ்சினை நிறுத்தினார். பஃபின்கள் குறுக்கும் மறுக்குமாகப் பறந்தன. பயணிகள் அனைவரும் ஒருபக்கமாகக் கூடினர். ஹப்லிதி தடியை எடுத்துப் பலகையைத் தட்டினார். மூன்று, ஒரு மூச்சு, இரண்டு. காத்திருந்தோம். எதுவும் எழவில்லை. மறுபடி தட்டினார். அப்போதும் இல்லை.

“வீட்ல ஆளில்ல போல,” என்றாள் ஸ்வாவா, தம்பியின் வசனத்தைத் தான் சொல்ல வேண்டியிருந்ததால் சிறிது கூச்சத்தோடு. பயணிகள் சிரித்தனர்.

அந்தச் சிரிப்பு அடங்கியபோது வடக்கிலிருந்து அந்த ஒலி கேட்டது. மரத்தில் மரம் படுகிற ஒலி. மூன்று, ஒரு மூச்சு, இரண்டு.

தீவின் பாறை எதிரொலிக்கிறது என்றே முதலில் எண்ணினேன். ஹப்லிதியும் அப்படித்தான் எண்ணியிருக்க வேண்டும். தடியைத் தூக்கியவர் அப்படியே நின்றார். அவர் தட்டவில்லை. ஒலி மட்டும் மீண்டும் வந்தது.

நான் தொலைநோக்கியைத் திருப்பினேன். தீவின் வடகோடிக்கு அப்பால் ஒரு நீலப் படகு எஞ்சினை நிறுத்தி மிதந்துகொண்டிருந்தது. அண்டை ஊரின் மரப்படகு. அதன் முகப்பில், துணி அகற்றப்பட்ட ஈட்டித் துப்பாக்கி. துப்பாக்கிக்கு அருகில் ஒருவன் குனிந்து படகின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தான். முகம் தெரியவில்லை. கம்பளிச் சட்டை தெரிந்தது. தோளைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாக வளையம். நடுவே ஒரு வரிசை சிவப்பு. அந்தச் சிவப்பு முதுகின் பாதியில் நின்று பழுப்பாக முடிந்தது. சிவப்பு நூல் போதவில்லை என்று ஸ்வாவா போன குளிர்காலம் முழுக்கக் குறைபட்டுக்கொண்டு பின்னிய சட்டை அது.

“என்ன தெரியுது, எடைக்காரரே?” என்றார் ஹப்லிதி.

தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

“ஆள் யாருன்னு கேக்குறாரு,” என்றாள் ஸ்வாவா. அவள் குரல் தாழ்ந்திருந்தது. அவளுக்கு முன்பே தெரிந்துவிட்டது போலிருந்தது.

“பெர்கூர்,” என்றேன். “முகப்புல நிக்கிறான். துப்பாக்கிப் பக்கத்துல.”

ஹப்லிதியின் முகத்தில் நான் எதிர்பார்த்தது கோபம். அங்கே கோபம் இல்லை. கூட்டத்தில் கையைப் பிடித்திருந்தவன் விட்டுவிட்டுப் போனதை அறியாத ஒருவர் திரும்பிப் பார்ப்பதுபோல், தமக்குப் பின்னால், பெர்கூர் வழக்கமாக நிற்கும் இடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“கொழுந்தி எங்க?”

தேடினேன். இரண்டு படகுகளுக்கும் நடுவில், கோட்டின் மேலேயே எனலாம், ஒரு முதுகு எழுந்து மூச்சுவிட்டது. வெட்டுண்ட துடுப்பு. அது வடக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தது.

“நடுவுல இருக்கா. அந்தப் பக்கம் போறா.”

“தட்டு,” என்றாள் ஸ்வாவா. “நீ தட்டுனா திரும்பிடுவா. தட்டுய்யா.”

ஹப்லிதி குனிந்து தட்டினார். அவ்வளவு வலுவாக அவர் தட்டி நான் கேட்டதில்லை. கோகோக் கோப்பைகள் அதிர்ந்தன. முதுகு நின்றது. பக்கவாட்டில் வளைந்தது. அடுத்த மூச்சு எங்கள் பக்கமாக எழுந்தது.

“வர்றா. இங்கதான் வர்றா,” என்றேன்.

டச்சுக்காரி கைதட்டினாள். நடப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. கேப்டன் அழைக்கிறார், திமிங்கிலம் வருகிறது. அவர்கள் கண்டது அவ்வளவே.

வடக்கிலிருந்து மறுபடியும் தட்டொலி வந்தது. நிதானமாக, சீராக. அந்த நிதானத்தை அவன் கற்றது இந்தப் படகில்தான். ஹப்லிதி தட்டினார். அவன் தட்டினான். ஒரே அழைப்பு இரு பக்கமிருந்தும் வந்தது. முதுகு எழவில்லை. நீருக்கடியில் அது எந்தப் பக்கம் திரும்பி, எதை எண்ணிக்கொண்டிருந்ததோ. எங்களுக்கும் அதற்கும் இடையில் இருந்த தூரம், அவனுக்கும் அதற்கும் இடையில் இருந்ததைவிடச் சற்றே அதிகம். மீண்டும் எழுந்தபோது வெட்டுண்ட துடுப்பு வடக்கு நோக்கியிருந்தது.

ஹப்லிதி தடியை எறிந்துவிட்டுச் சுக்கானறைக்கு ஓடினார். எஞ்சின் உறுமியது. ராக்னா முன்னே பாய்ந்த வேகத்தில் பயணிகள் விசிப்பலகைகளில் விழுந்தனர். அவர் ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி மறுகையால் வயர்லெஸ்ஸை எடுத்தார். அறைக் கதவு திறந்திருந்ததால் பேச்சு மேலே வரை கேட்டது.

“நீலப் படகு, ராக்னா பேசுறேன். முகப்புல இருக்கறவன்கிட்ட சொல்லு.”

“நாங்க கோட்டுக்கு வெளிய இருக்கோம், ஹப்லிதி,” என்றது அந்தப் படகோட்டியின் குரல்.

“அது எனக்குத் தெரியும். அவன்கிட்ட சொல்லு, அது கொழுந்தின்னு.”

“என்னது?”

“கொழுந்தி. அப்படிச் சொல்லு, அவனுக்குப் புரியும்.”

அந்த ஆள் பொத்தானை விடாமலே கதவுப் பக்கம் திரும்பிக் கத்தியிருக்க வேண்டும். “உன் மச்சான் பேசுறாரு. அது கொழுந்தியாம்.”

அலைகளின் இரைச்சல் கேட்டது. பிறகு சற்றுத் தொலைவிலிருந்து, எங்களுக்கு நன்கு பழகிய குரல் ஒரே ஒரு சொல்லைச் சொன்னது.

“தெரியும்.”

வெடிச்சத்தம் எங்களை வந்தடையுமுன்பே புகையைக் கண்டேன்.

ஹப்லிதி எஞ்சினை உடனே நிறுத்தவில்லை. படகு அந்த வேகத்திலேயே சிறிது தூரம் போயிற்று. பிறகு அவர் கை தானாகத் தாழ்ந்தது. ராக்னா மெல்ல நின்றது. நீலப் படகின் அருகே நீர் நிறம் மாறியிருந்தது. டச்சுக்காரி ஸ்வாவாவின் கையைப் பிடித்து, “என்ன சத்தம் அது?” என்று கேட்டாள்.

“எங்க வீட்டு விஷயம்,” என்றாள் ஸ்வாவா. சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே எல்லாருக்கும் கோகோ ஊற்றினாள். எவரும் குடிக்கவில்லை.

அன்று மாலை நான் ஹப்லிதியின் வீட்டில் உணவருந்தினேன். வேகவைத்த மீனும் உருளைக்கிழங்கும். தனியாகப் போகாதீர்கள் என்று ஸ்வாவா என்னைப் பிடித்து வைத்துக்கொண்டாள்; உண்மையில் தாங்கள் இருவரும் தனியாக இருக்க வேண்டாமென்றே அவள் நினைத்திருக்கலாம். வெளியே வெளிச்சம் குறையவில்லை. அந்த மாதத்தில் குறையாது. வாசலில் கார் நிற்கும் ஓசை கேட்டது.

முதல் வேட்டையின் முதல் துண்டு, மூத்த உடன்பிறப்பின் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது எங்கள் கரையின் வழக்கம். கடலிலிருந்து எது வந்தாலும் அப்படித்தான். பெர்கூர் மூடியிட்ட வாளியோடு படியில் நின்றான். ஸ்வாவா கதவைத் திறந்து நிலைவாசலிலேயே நின்றுகொண்டாள். மேசையிலிருந்து அவள் முதுகும், அதற்கப்பால் அவன் முகமும் எங்களுக்குத் தெரிந்தன.

“அக்கா. மொதப் பங்கு கொண்டாந்தேன்.”

“ஆர்னோர் வீட்டுப் புல்லு காஞ்சிடுச்சா?” என்றாள் ஸ்வாவா.

அவன் வாளியைக் கை மாற்றினான்.

“கேக்குறேன்ல. காஞ்சிடுச்சா?”

“சொல்லிட்டுப் போயிருந்தா மச்சான் விட்டிருப்பாரா?”

“விட்டிருக்க மாட்டாரு. ஆனா ஏமாந்திருக்க மாட்டாரு.”

“பத்து வருஷமா ஜிப்பு மாட்டிவிட்டேன், கோகோ ஊத்துனேன், வாந்தி எடுக்கறவன் முதுகத் தடவுனேன். எய்விந்துர் மவன் என்ன பண்றான்னா கோகோ ஊத்துறான்னு அந்தக் கொட்டகையே சிரிச்சுது. அப்பா நின்ன எடத்துல ஒரு நாளாவது நிக்கணும்னு எனக்கு இருக்காதா, அக்கா? கோட்டத் தாண்டுனேனா? சட்டப்படிதான செஞ்சேன்?”

“அப்பா தேடிப் போயிச் சுட்டாரு,” என்றாள் ஸ்வாவா. “பேர் சொல்லிக் கூப்பிட்டு வரவெச்சுச் சுடல.”

அவன் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தான்.

“மச்சான் உள்ளதான இருக்காரு? ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன்.”

ஹப்லிதி உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே உரித்து முடித்த கிழங்கு அது. அவர் கத்தி அதன் மேல் மெல்லச் சுற்றிக்கொண்டேயிருந்தது. எழவும் இல்லை, தலை நிமிரவும் இல்லை.

“சட்டையக் கழட்டு,” என்றாள் ஸ்வாவா.

“என்ன?”

“நான் பின்னுன சட்டை. அதப் பாத்துதான் எடைக்காரருக்கு ஆள் தெரிஞ்சுது. கழட்டிக் குடுத்துட்டுப் போ.”

அவன் சிரிக்க முயன்றான். அவள் கை நீட்டியபடியே நின்றாள். அவன் வாளியைக் கீழே வைத்து, சட்டையைத் தலைவழியே கழற்றிக் கொடுத்துவிட்டு, உள்பனியனோடு காருக்குப் போனான். வாளி படியிலேயே இருந்தது. காலையில் அதைக் காணவில்லை. அண்டை வீட்டார் எவரேனும் எடுத்திருக்கலாம். இறைச்சியை வீணாக்குகிற ஊரன்று எங்களது.

ஊர் அவன் பக்கமே சாய்ந்தது. சட்டம் அவன் பக்கம். பழைய பெருமையும் அவன் பக்கம். “ஒரு மிருகத்துக்காவா மச்சானோட முறிச்சுக்குவாங்க?” என்று கொட்டகையில் கேட்டார்கள். ஹப்லிதி கொட்டகைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். தடியை ராக்னாவின் சிறிய அடுப்பில் போட்டார். உப்பு ஊறிய மரம் நீலமாக எரிந்தது. அதைப் பார்த்தபடி என்னிடம் ஒருமுறை சொன்னார்:

“நான் தப்புப் பண்ணிட்டேன், எடைக்காரரே. அன்னைக்குக் கூப்பிட்டிருக்கக் கூடாது. எஞ்சினப் போட்டு வெரட்டியிருக்கணும். பயந்து ஓடியிருப்பா. ஓடியிருந்தா இருந்திருப்பா.”

“ஸ்வாவா சொன்னா, நீ தட்டுன. யாராயிருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பாங்க.”

“கூப்பிட்டா வருவான்னு நெனச்சேன். அவனும் அதத்தான் நெனச்சான். ரெண்டு பேரும் ஒண்ணையேதான் நம்புனோம்.”

அதற்குப் பின் அவர் அந்த நாளைப் பற்றிப் பேசியதில்லை.

பருவத்தின் கடைசிப் பயணம் செப்டம்பரில் அமைந்தது. காற்று திரும்பிவிட்டது, மலையுச்சியில் புதுப் பனி. பயணிகள் சிலரே; கோகோ ஊற்ற ஸ்வாவா வந்திருந்தாள். தீவின் நிழலில் பஃபின்கள் போய்விட்டிருந்தன. எஞ்சினை நிறுத்தி மிதந்துகொண்டிருந்தபோது, எவரும் எதையும் தட்டாமலே, படகின் இடப்பக்கம் ஒரு மிங்கி எழுந்தது. இளையது. துடுப்பு முழுதாக இருந்தது. கொழுந்தியோடு முந்திய கோடையில் இதைக் கண்டதாக நினைவு, உறுதியாகச் சொல்லமாட்டேன். அது படகை ஒட்டி வந்து, பக்கவாட்டில் சாய்ந்து, கண்ணை உயர்த்திப் பார்த்தது. பயணிகள் மூச்சடக்கி நின்றனர். ஒருவர் கேமராவைக்கூட எடுக்க மறந்திருந்தார்.

ஹப்லிதி சுக்கானறைக்குச் சென்று எஞ்சினை இயக்கி, உச்சவிசையில் உறுமவிட்டார். பின்பு வெளியே வந்து, கோகோப் பாத்திரத்தின் இரும்பு மூடியை எடுத்துப் படகின் பலகையில் ஓங்கி ஓங்கி அடித்தார். அதில் இடைவெளி இல்லை, ஒழுங்கு இல்லை, காது கூசும் ஓசை மட்டும். திமிங்கிலம் துள்ளித் திரும்பி ஆழத்தில் மறைந்தது. வெகுதூரத்தில், கோட்டுக்கு உட்புறமாக ஒருமுறை மூச்சுவிட்டதைக் கண்டேன். பிறகு காணவில்லை.

“எதுக்கு வெரட்டுனீங்க?” என்று ஒரு முதியவர் கோபமாகவே கேட்டார். “இதுக்காகத்தான இவ்ளோ தூரம் வந்தோம்?”

ஹப்லிதி மூடியைப் பாத்திரத்தின் மேல் வைத்துப் பொருத்தினார். அது நெளிந்துபோய்ச் சரியாக அமரவில்லை.

“அது நம்மள நம்புது. அதான்,” என்றார்.

துறைமுகம் திரும்பினோம். படகுத்துறை மேடையில் ஒரே ஒருவன் நின்றிருந்தான். பெர்கூர். வெளியே எங்கோ வாங்கிய புதுச் சட்டை அணிந்திருந்தான். எங்கள் ஊரில், வந்துசேரும் படகு எறியும் கயிற்றைக் கரையில் நிற்பவன் எவனாயினும் பிடிக்க வேண்டும். பகைவனாயினும் பிடிக்க வேண்டும். எறிபவனும் ஆள் பார்த்து எறிவதில்லை. அவன் முன்வந்து இரண்டு கைகளையும் நீட்டினான். கயிறு என் கையில் இருந்தது. நான் ஹப்லிதியைப் பார்த்தேன்.

அவர் வந்து என் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டார். எறியவில்லை. ராக்னாவின் முகப்பை மேடையில் முட்டியபடி எஞ்சினால் தாங்கி நிறுத்தச் சொல்லிச் சுக்கானை ஸ்வாவாவிடம் கொடுத்தார். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, பாசி படர்ந்த இரும்பேணியில் ஒவ்வொரு படியாக ஏறினார். அவர் வயதுக்கு அது நெடுநேரம் பிடித்தது. பெர்கூர் கைகளை நீட்டியபடியே நின்றான். ஹப்லிதி அவனைக் கடந்து போய், கயிற்றைக் கட்டைத்தூணில் தாமே சுற்றிக் கட்டினார். கட்டிய முடிச்சு இறுகியிருக்கிறதா என்று காலால் மிதித்துப் பார்த்தார்.